கொதிக்கும் எண்ணெய், வழுக்கும் தரை, 12 மணி நேர நிற்றல்: ஓட்டல் ஊழியருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? சட்டம் என்ன சொல்கிறது?

இரவு 9 மணிக்குத் தமிழ்நாட்டின் எந்த பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் கொத்து பரோட்டா தட்டும் சத்தம் கேட்கும். கல்லுக்கு முன்னால் நிற்கும் மாஸ்டர் பெரும்பாலும் காலையிலேயே வேலைக்கு வந்தவர். அவருக்குப் பின்னால் சிலிண்டர், பக்கத்தில் கொதிக்கும் சால்னா அண்டா, காலுக்குக் கீழே எண்ணெயும் தண்ணீரும் கலந்த தரை. காலில் போட்டிருப்பது தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. இதில் எந்த ஒன்று சறுக்கினாலும் அன்றைய சம்பளம் மட்டும் போவதில்லை, அடுத்த சில மாதச் சம்பளமும் சேர்ந்து போகும்.

ஓட்டலில் கெட்டுப்போன சிக்கன் பிடிபட்டால் அது செய்தி. உணவுப் பாதுகாப்புத் துறை ரெய்டு வந்தாலும் செய்தி. அந்தச் சிக்கனைப் பொரிக்கிறவரின் கை வெந்துபோனால் விஷயம் ஓட்டலின் பின்வாசலைத் தாண்டுவதே இல்லை. "சின்னக் காயம்தானே தம்பி, ரெண்டு நாள் ரெஸ்ட் எடு" என்று சொல்லி ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டோடு முடிந்துவிடும். அந்த ஐந்நூறோடு முடிய வேண்டிய விஷயம் இல்லை இது. ஓட்டல் ஊழியர்களுக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. வாங்குபவர்கள்தான் குறைவு.

கிச்சனில் அப்படி என்ன ஆபத்து?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சமையல் வேலை ஒரு "நிழல் வேலை". வெயிலில் நிற்பது இல்லை, உயரத்தில் ஏறுவது இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு வேறு. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வடையும் போண்டாவும் பொரியும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை போகும். 60 டிகிரி சூடுள்ள தண்ணீரே சில விநாடிகளில் தோலில் ஆழமான காயத்தை உண்டாக்கிவிடும். சால்னா, சாம்பார், பாயசம் மாதிரி கெட்டியான பொருட்கள் இன்னும் மோசம். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், இவை தோலிலேயே ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடும்.

அடுத்தது மெஷின்கள். பெரிய கிரைண்டர், தேங்காய் துருவும் மெஷின், மாவு பிசையும் மெஷின், கறி அரைக்கும் மெஷின். இவற்றில் விரல் போவது பெரும்பாலும் புதிதாக வந்தவருக்கு மட்டும் நடப்பது அல்ல. பல வருஷம் ஓட்டியவருக்கும், ஓடும்போதே மாவைத் தள்ளிவிடும் பழக்கத்தால் நடக்கிறது. பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்பதால் பல கடைகளில் அது ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்விட்ச் போடுவது இன்னொரு ஆபத்து. மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி இருந்தால் உயிர் தப்பும். அது இல்லாத கிச்சன்கள் இன்னும் இருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாமல் சேர்கிற பாதிப்புகளும் உண்டு. நாள் முழுக்க நிற்பதால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது, அரிசி மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொள்வது, சோப்புத் தண்ணீரிலேயே இருக்கும் பாத்திரம் கழுவுபவரின் விரல் இடுக்குகளில் புண். புகை வேறு. அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் புகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-ல் வைத்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் கரண்ட் பில் ஏறும் என்று அதை நிறுத்தி வைக்கும் கடைகளில் அந்தப் புகை எங்கே போகும்? மாஸ்டரின் நுரையீரலுக்குத்தான்.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதைப் பற்றிய பேச்சு வந்தாலே கட்டடத் தொழிலாளி, சாலைப் பணியாளர், போக்குவரத்து போலீஸ் என்று வெயிலில் நிற்பவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். நான்கு அடுப்பு எரியும், ஜன்னல் இல்லாத கிச்சனில் நிற்பவருக்கு மே மாதமும் ஒன்றுதான், டிசம்பரும் ஒன்றுதான். அங்கே காற்றில் ஈரப்பதமும் அதிகம் என்பதால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. இதில் பலர் தண்ணீரும் குடிப்பதில்லை. காரணம் எளிமையானது. ஊழியர்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை, போய்விட்டு வர நேரமும் இல்லை. பாத்திரம் கழுவ வரும் பெண்களுக்கு இந்தப் பிரச்சினை இரட்டிப்பு.

கை வெந்துவிட்டதா? முதல் 20 நிமிடம் முக்கியம்

இங்க் ஊற்றுவது, டூத் பேஸ்ட் தடவுவது, மஞ்சள் வைப்பது, தோசை மாவைப் பூசுவது. ஓட்டல் கிச்சன்களில் காலங்காலமாக நடக்கும் முதலுதவிகள் இவைதான். எல்லாமே தவறு. மாவும் பேஸ்ட்டும் காயத்தில் கிருமி சேர்க்கும். ஆஸ்பத்திரியில் அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது வலி இன்னும் அதிகமாகும். காயத்தின் ஆழமும் டாக்டருக்குத் தெரியாது. ஐஸ் கட்டியை நேரடியாக வைப்பதும் கூடாது.

செய்ய வேண்டியது குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரில் காயத்தை 20 நிமிடம் காட்டுவது. இருபது நிமிடம் என்பது பிசி நேரத்தில் பெரிய நேரம்தான். ஆனால் அந்த இருபது நிமிடம் காயம் ஆழமாகாமல் தடுக்கும். மோதிரம், கயிறு, வாட்ச் இருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட வேண்டும். தோலோடு ஒட்டிய துணியை இழுக்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முகம், கை விரல், மூட்டு ஆகியவற்றில் பட்ட காயம் சிறியதாக இருந்தாலும் டாக்டர் பார்ப்பது அவசியம். பெரிய காயம் என்றால் 108. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் பதற்றத்தில் முதலில் கை போவது தண்ணீர் வாளிக்குத்தான். அதைச் செய்யவே கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் சட்டியின் அடிக்குப் போய், அந்தச் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு வரை விரியும். எரியும் எண்ணெய் மொத்தமும் கூரை வரை பீறிட்டு எழும். கேஸை மூடிவிட்டு, சட்டியைப் பெரிய மூடியால் மூடுவதுதான் வழி. எண்ணெய்த் தீக்கென்றே தனி வகைத் தீயணைப்பான் கிடைக்கிறது. பல கடைகளில் மாட்டியிருப்பது எது, தேதி முடிந்துவிட்டதா என்பது முதலாளிக்கே தெரியாது.

சிலிண்டர் எங்கே இருக்கிறது?

எல்பிஜி வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது. தரையோடு தரையாகப் பரவி, சாக்கடைப் பள்ளத்திலும் மேஜைக்கு அடியிலும் தேங்கி நிற்கும். அதனால்தான் அண்டர்கிரவுண்டில் இருக்கும் கிச்சன்கள் கூடுதல் ஆபத்து. வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இது எல்பிஜி கசிவுக்கென்றே உள்ள அவசர எண்.

ஓட்டல்களுக்கு 19 கிலோ வணிக சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டு சிலிண்டரை வைத்து ஓட்டுவது சட்டவிரோதம். வாயு சிலிண்டர் விதிகள் 2016-ன்படி, உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் 100 கிலோ வரைதான் எல்பிஜி வைத்திருக்கலாம். ஐந்து வணிக சிலிண்டர்களே 95 கிலோ ஆகிவிடும். கல்யாண சீசனில் ஆறாவது சிலிண்டர் வந்து இறங்கும்போது யாராவது இந்தக் கணக்கைப் போடுகிறார்களா என்பது சந்தேகம்தான்.

கிச்சன் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்குப் புது உதாரணம் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, சத்துணவு சமைத்த இடத்தின் கூரையில்தான் தொடங்கியது. ஊழியர்கள் பக்கம் பார்த்தால், 2025 டிசம்பர் 6 நள்ளிரவு வடக்கு கோவாவின் அர்போராவில் இரவு விடுதி ஒன்று எரிந்தபோது 25 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அங்கே வேலை பார்த்தவர்கள். பிழைப்புக்காக வேறு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கிச்சனுக்கு இரண்டாவது வாசல் இருக்கிறதா, அதில் வெங்காய மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்களா என்பது சின்ன விஷயம் இல்லை.

"அப்படியே அந்த டேங்க்கையும் பாரு"

ஓட்டல் வேலை என்று சேர்ந்தவரை செப்டிக் டேங்க்கில் இறக்குவது இன்னும் நின்றபாடில்லை. 2019 ஜூனில் குஜராத் மாநிலம் வதோதரா அருகே தபோய் பகுதியில் ஓர் ஓட்டலின் செப்டிக் டேங்க்கில் 7 பேர் இறந்தார்கள். சுத்தம் செய்ய வந்தவர்கள் 4 பேர், ஓட்டல் ஊழியர்கள் 3 பேர். முதலில் இறங்கியவர் வெளியே வராததால் அவரைத் தேடி ஒவ்வொருவராக இறங்கியதில் இத்தனை உயிர் போனது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமாக இருந்தால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். வாடை வரவில்லையே என்று நம்பி இறங்குபவர் திரும்பி வருவதில்லை.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை செப்டிக் டேங்க்கில் இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடை மற்றும் செப்டிக் டேங்க் மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. முதலாளி சொன்னாலும் மேனேஜர் சொன்னாலும் இறங்க மறுக்க ஊழியருக்கு முழு உரிமை உண்டு.

இஎஸ்ஐ: 600 ரூபாயில் என்ன கிடைக்கும்?

ஓட்டல் ஊழியர்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான். அதிகம் ஏமாற்றப்படுவதும் இதில்தான். 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் ஓட்டல், மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்கும் ஊழியர்களை இஎஸ்ஐ திட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும். சப்ளையர், கிளீனர், மாஸ்டர், பார்சல் கட்டுபவர், கல்லாவில் உட்காருபவர் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். ஒருமுறை பதிவான கடையில் பிறகு ஆள் குறைந்து ஒன்பது பேர் ஆனாலும் திட்டம் தொடரும்.

ஊழியரின் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம். முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் ஊழியர் பங்கு 113 ரூபாய், முதலாளி பங்கு 488 ரூபாய். இரண்டும் சேர்ந்து 600 ரூபாய் சொச்சம். "இஎஸ்ஐ பிடிச்சா கைக்கு வர்ற காசு குறையும்ணே, வேணாம்" என்று ஊழியரே சொல்வது உண்டு. அந்த 113 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் சொல்லாததால் வரும் பேச்சு அது.

வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால், குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். மேலே சொன்ன 15,000 ரூபாய்க்காரருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 450 ரூபாய். விபத்து நடந்த நாளை விட்டுவிட்டுக் குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாத நிலை இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இதற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கிடைக்கும். வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் பொருந்தும். ராத்திரி 1 மணிக்குக் கடை சாத்திவிட்டு டூவீலரில் வீடு திரும்புபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நிரந்தர ஊனம் ஏற்பட்டால் அதன் அளவுக்கு ஏற்ப வாழ்நாள் முழுக்க மாதத் தொகை. இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை. சாதாரணக் காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று படுத்தாலும் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் உண்டு. இதற்கு மட்டும் குறிப்பிட்ட நாட்கள் பணம் கட்டியிருக்க வேண்டும். குடும்பத்தினருக்கும் சேர்த்தே சிகிச்சை. சென்னையில் கே.கே. நகர், அயனாவரம், கோவையில் சிங்காநல்லூர் என்று பெரிய இஎஸ்ஐ மருத்துவமனைகளும், ஊர்தோறும் மருந்தகங்களும் இருக்கின்றன. அங்கே கூட்டம், காத்திருப்பு, மருந்து இல்லை என்ற குறைகள் எல்லாம் உண்மைதான். ஆனாலும் ஒரு கை ஆபரேஷனுக்குத் தனியாரில் கட்ட வேண்டிய தொகையோடு ஒப்பிட்டால் காத்திருப்பதே மேல்.

முதலாளி பதிவே செய்யவில்லை என்றால்? ஊழியரின் உரிமை அதோடு போய்விடாது. இஎஸ்ஐ கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் அந்தத் தொகையை வசூலிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1800-11-2526 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம்.

பத்துப் பேர் இல்லாத சின்னக் கடை என்றால்?

டீக்கடை, மெஸ், கையேந்தி பவன். தமிழ்நாட்டில் வெளியே சாப்பிடுபவர்களில் பெரும் பகுதிக்குச் சோறு போடுவது இவைதான். இங்கே நாலு பேர், ஐந்து பேர்தான் வேலை பார்ப்பார்கள். இஎஸ்ஐ கட்டாயம் இல்லை. முதலாளி விரும்பினால் சேரலாம்.

ஆனால் விபத்து இழப்பீடு இவர்களுக்கும் உண்டு. 1923-லிருந்தே இருக்கும் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில், மின்சாரமோ எல்பிஜியோ மெஷினோ பயன்படுத்திச் சமைக்கும் ஓட்டல் சமையல்காரர் என்று தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். இப்போது இந்தச் சட்டம் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் சாரம் அப்படியேதான் இருக்கிறது.

கணக்கு இப்படி. 25 வயது ஊழியர், மாதச் சம்பளம் 15,000 ரூபாய். முழுமையான நிரந்தர ஊனம் ஏற்பட்டால் சம்பளத்தில் 60 சதவீதத்தை, அதாவது 9,000 ரூபாயை, அந்த வயதுக்குரிய 216.91 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 19 லட்சத்து 52 ஆயிரத்து 190 ரூபாய் வருகிறது. இறந்துவிட்டால் 50 சதவீதக் கணக்கில் 16 லட்சத்து 26 ஆயிரத்து 825 ரூபாய். கிரைண்டரில் கட்டை விரல் போனால் அது 30 சதவீத இழப்பு. அதற்கு 5 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய்க்கு மேல். விரல் போனவர்களில் எத்தனை பேர் ஐயாயிரமும் ஒரு மாத லீவும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தால் இந்தத் தொகையின் அர்த்தம் புரியும்.

தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் பாதி, கூடவே ஆஸ்பத்திரிச் செலவு. முதலாளி ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் 12 சதவீத வட்டி, அபராதமும் விழலாம். ஊழியர் 2 ஆண்டுக்குள் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். இஎஸ்ஐ இருப்பவர்கள் ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் கேட்க முடியாது.

ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை

"டாக்டர் கேட்டா வீட்ல சமைக்கும்போது பட்டுச்சுன்னு சொல்லு, போலீஸ் கேஸ் ஆகிடும், செலவை நான் பார்த்துக்கறேன்." இந்த ஒரு வாக்கியத்தில் பல இழப்பீடுகள் கரைந்துபோகின்றன. ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டில், பேச்சு வழக்கில் ஏ.ஆர். காப்பி, எங்கே எப்படி அடிபட்டது என்று பதிவாகும். பின்னாளில் இஎஸ்ஐயோ தொழிலாளர் துறையோ முதலில் கேட்பது இதைத்தான். "வீட்டில்" என்று அதில் எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. வேலை செய்த இடத்தில் நடந்தது என்று உள்ளதைச் சொல்லி, அதன் நகலை வாங்கி வைக்க வேண்டும்.

வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்பது அடுத்த கேள்வி. தினப் பேட்டா வாங்குபவரிடம் சம்பள ரசீது இருக்காது. ஜிபேயில் வந்த சம்பளம், கடை வாட்ஸ்அப் குரூப்பில் வந்த ஷிப்ட் மெசேஜ், யூனிபார்மோடு எடுத்த போட்டோ, கூட வேலை பார்ப்பவரின் சாட்சி எல்லாமே உதவும். போனில் இருப்பதை அழிக்காமல் வைத்திருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எத்தனை மணி நேரம் வேலை வாங்கலாம்?

தமிழ்நாட்டில் உணவு நிறுவனங்களுக்கென்றே 1958-ல் ஒரு சட்டம் வந்தது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை என்பது அதன் அடிப்படை. நடைமுறையில் பல கடைகளில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். காலையில் டிபன் முடியும் வரை, பிறகு நடுவில் இரண்டு மூன்று மணி நேர "ரெஸ்ட்", மறுபடி ராத்திரி வரை. அந்த நடு நேரத்தில் வீட்டுக்குப் போக முடியாது. கடைக்கு மேலேயோ பின்னாலேயோ மூட்டைகளுக்கு நடுவில் படுத்து எழுந்திருப்பார்கள். காகிதத்தில் அது ஓய்வு. உடம்புக்கு அது 14 மணி நேர நாள். கவனம் சிதறிக் கை வெந்துபோவது பெரும்பாலும் இந்த நாளின் கடைசி மணி நேரத்தில்தான் என்று எந்த மாஸ்டரைக் கேட்டாலும் சொல்வார்.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதில் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தொகுப்பு 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். நாளுக்கு 8 மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம், எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம், 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை ஆகியவை அதில் முக்கியமானவை. நியமனக் கடிதம் என்ற ஒரே ஒரு தாள் கையில் இருந்தால், மேலே சொன்ன ஆதாரப் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும்.

உட்காரும் உரிமை என்ன ஆச்சு என்று கேட்கலாம். 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்கள் பேச்சில் அதிகம் அடிபட்ட சட்டம் அது. சப்ளையரின் காலும் அதே கால்தான். கூட்டம் இல்லாத மூன்றரை மணிக்கு, நூறு நாற்காலி காலியாகக் கிடக்கும் ஹாலில் சுவரோரமாக நிற்கும் சப்ளையரை எல்லோருமே பார்த்திருப்போம்.

மருத்துவச் சான்றிதழ் யாருக்காக?

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சாப்பாட்டைக் கையாளும் ஊழியர்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை கட்டாயம். டைபாய்டு மாதிரி குடல் நோய்களுக்குத் தடுப்பூசியும் போட வேண்டும். நல்ல விதிதான். கவனித்துப் பார்த்தால், ஊழியரிடமிருந்து கஸ்டமருக்கு நோய் வராமல் காப்பது இதன் நோக்கம். கஸ்டமருக்குச் சமைப்பதால் ஊழியருக்கு வரும் முதுகுவலி, மூச்சிரைப்பு, கால் வீக்கம் எதுவும் அந்தப் படிவத்தில் கிடையாது.

கஸ்டமரைக் காப்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ உள்ளவர் சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது விதி. லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் கட் என்பது கடையின் விதி. அட்வான்ஸ் வாங்கி ஊருக்கு அனுப்பிவிட்ட ஊழியர் எந்த விதியைப் பின்பற்றுவார்? மாத்திரை போட்டுக்கொண்டு சட்னி கரண்டியைப் பிடிப்பார். அந்தச் சட்னி யார் இலைக்கும் வரலாம். சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு ஊழியருக்குச் செய்யும் தர்மம் இல்லை, சாப்பிடுபவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

முதலாளிகள் சொல்வது என்ன?

வாடகை, கமர்ஷியல் சிலிண்டர் விலை, ஆன்லைன் ஆர்டர் கமிஷன். இதற்கு நடுவில் பாதுகாப்புக்குச் செலவு செய்ய முடியாது என்பதுதான் பொதுவான பதில். சின்னக் கடைகளுக்கு அது பொய்யான பதில் இல்லை. ஆனால் பெரும்பாலான மாற்றங்களுக்குப் பெரிய செலவே கிடையாது. ரப்பர் செருப்புக்குப் பதில் வழுக்காத, மூடிய ஷூ. முழங்கை வரை மூடும் காட்டன் சட்டையும் ஏப்ரனும். சூடான எண்ணெய்ச் சட்டியை இடம் மாற்றாமல், ஆறிய பிறகே எடுப்பது. சாம்பார் அண்டாவை இரண்டு பேர் தூக்குவது. கிரைண்டர் மூடியைத் திரும்ப மாட்டுவது. சிலிண்டரைக் கிச்சனுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து பைப் வழியாக இழுப்பது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும்தான் கொஞ்சம் கூடுதலாகக் கை கடிக்கும்.

எச்சரிக்கை போர்டு எந்த மொழியில் இருக்கிறது என்பதும் முக்கியம். பெரிய ஓட்டல்களின் கிச்சனில் இன்று தமிழைவிட இந்தியும் வங்காளமும் ஒடியாவும்தான் அதிகம் கேட்கிறது. "எண்ணெய் சூடு, தள்ளிப் போ" என்று மாஸ்டர் தமிழில் கத்துவது, நேற்று ரயிலில் வந்து இறங்கிய பையனுக்குப் புரியாது. சேர்ந்த முதல் நாளில் அவர் மொழி தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் கூடவே நின்று அடுப்பு, மெஷின், வெளியேறும் வழி ஆகியவற்றைக் காட்டினாலே பல விபத்துகள் குறையும்.

அந்தப் பையனின் வயதையும் பார்க்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை ஓட்டலில் வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரிலிருந்தே இருக்கிறது. இப்போது எந்த வேலைக்கும் வைக்க முடியாது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி யாரையாவது பார்த்தால் 1098-க்குப் பேசலாம். பெண் ஊழியர்களுக்குப் பாலியல் தொல்லை என்றால், 10 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் உள்ள ஓட்டலில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான கடை என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். அவசர உதவிக்கு 181.

எங்கே புகார் செய்வது?

சம்பளம், வேலை நேரம், விடுமுறை, இழப்பீடு ஆகியவற்றுக்கு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகம். ஓட்டல் தொழிலுக்குத் தனியாகக் குறைந்தபட்ச ஊதியமும் அரசு நிர்ணயித்திருக்கிறது. இன்றைய தேதிக்கு அகவிலைப்படியோடு எவ்வளவு என்பதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நேரில் போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் பதிவு செய்தால், மனு அந்தத் துறைக்குப் போகும். தனியாகப் போகத் தயங்குபவர்கள் தொழிற்சங்கம் மூலமாகவும் மனு கொடுக்கலாம். மனு கொடுக்கும்போது கடையின் பெயர், முகவரி, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், விபத்து நடந்த தேதி, நேரம், ஏ.ஆர். காப்பியின் நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். மனுவின் ஒரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம்.